பச்சையாகிப்போன குளமும் விடியலில் மிதந்த மீன்களும்

வாசகர் கடிதம் (சுருக்கம்): நான் மட்டக்களப்பு படுவான்கரையிலுள்ள ஒரு குளத்தில் தொழில் செய்யும் நன்னீர் மீனவர் சங்கத்தின் செயலாளர். ஆவணி தொடங்கியதிலிருந்து எங்கள் குளத்து நீர் பச்சை மையைக் கரைத்துவிட்டது போலிருந்தது. கட்டுப் பக்கம் பாலாடை போலத் தடிப்பாகப் பாசி படிந்தது. பிறகு ஒருநாள் விடிவதற்கு முன் வலை எடுக்கப் போனவர்கள், நூற்றுக்கணக்கான திலாப்பியா மீன்கள் மிதப்பதைக் கண்டார்கள். பெரிய மீன்களே கூடுதல். விரால் ஒன்றும் சாகவில்லை. வயல்காரர் மருந்து ஊற்றினார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்ல, நாங்களே நஞ்சு போட்டு மீன் பிடித்தோம் என்று அவர்கள் சொல்ல, கதை பொலிஸ் வரை போய்விட்டது. உயிரோடிருக்கும் மீனைப் பிடித்து விற்கலாமா? மாடுகளைத் தண்ணீருக்கு விடலாமா? மயில்துத்தம் போட்டால் பாசி செத்துவிடும் என்கிறார்களே, போடலாமா?

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டவை இரண்டு விவரங்கள். மீன்கள் மிதந்தது விடிவதற்கு முன் என்று நேரத்தைக் குறித்திருக்கிறீர்கள். பெரியவை செத்தன, விரால் தப்பியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். குளத்தில் மீன் செத்தால், யார் செய்தது என்று கேட்பதற்கு முன், எந்நேரம் செத்தது, எந்த மீன் செத்தது, எது தப்பியது என்று கேட்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் நான் கற்ற முதற்பாடம். உங்கள் விவரங்களை வைத்துப் பார்த்தால், அன்று விடியலில் அந்த மீன்கள் மூச்சுமுட்டியே இறந்திருக்கின்றன. அதே பாசியில் நஞ்சும் இருக்கக்கூடும். ஆனால் அது வேறு வழியாக, வேறு வேகத்தில் வேலை செய்வது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் குற்றமற்றவரைக் குற்றஞ்சாட்டுவதோடு, குளத்துக்குத் தவறான மருந்தையும் போட்டுவிடுவோம்.

முதலில் அந்தப் பச்சை எதுவென்று பார்ப்போம். நாம் பாசி என்று பொதுவாகச் சொன்னாலும், நீலப்பச்சை அல்கா எனப்படுவது உண்மையில் சயனோபற்றீரியா என்னும் பற்றீரியாக் கூட்டம். சூரிய ஒளியில் உணவு தயாரிப்பதால் அதற்குப் பச்சை நிறம். கூடவே ஒரு நீல நிறமியும் இருப்பதால், காய்ந்து சாகும் ஆடையின் ஓரத்தில் நீலம் கசிவதைக் காணலாம். இது எதுவென்று அறிய ஆய்வுகூடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தடியை நீருக்குள் விட்டு எடுங்கள். தலைமயிர் போல் நூல்நூலாகத் தொங்கினால் அது சாதாரணப் பச்சைப் பாசி, பெயின்ரில் தோய்த்தெடுத்தது போல் தடியில் பூசிக்கொண்டால் நீலப்பச்சை அல்கா என்று சந்தேகிக்கலாம். இன்னொரு வழி, ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நீர் எடுத்து இரவு முழுவதும் அசையாமல் வைத்துவிடுவது. காலையில் பச்சை முழுவதும் மேலே திரண்டு போத்தலின் கழுத்தருகே வளையமாக நின்றால் அநேகமாக அதுவேதான். இந்தக் கலங்களுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் இருப்பதால் அவை மிதக்கின்றன. கையுறை இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். தோலில் பட்டால் சிலருக்குக் கடியும் தடிப்பும் வரும்.

கட்டுப் பக்கம் ஆடை தடித்ததற்கும் இந்த மிதப்பே காரணம். நம் மாவட்டத்தின் பெரும்பாலான குளங்களில் மேற்கேயிருந்து வரும் நீரை மறித்துக் கிழக்கே கட்டுப் போட்டிருப்பதும், ஆவணி வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசுவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளம் முழுவதும் பரந்திருந்த பாசியைக் காற்று அள்ளிக்கொண்டுவந்து கட்டோடும் துரிசு (மதகு) வாயிலோடும் ஒதுக்கிவிடுகிறது. நடுக்குளத்தில் நீர் ஓரளவு தெளிவாகத் தெரியும்போதே, கட்டோரத்தில் அதன் செறிவு நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று கூடிவிடலாம். மாடு குடிப்பதும், பிள்ளைகள் குளிப்பதும், நீங்கள் தோணி கட்டுவதும் அந்த ஓரத்தில்தான் என்பது கவலைக்குரியது.

இனி அன்றைய இரவுக்கு வருகிறேன். பகலில் இந்தப் பாசி ஒட்சிசனை வெளிவிடுகிறது. நீர் 30 பாகை வெப்பத்தில் இருக்கும்போது ஒரு லீற்றரில் இயல்பாகக் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம். பாசி செழித்த குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் அதைவிடவும் மிகக் கூடுதலாகக் காட்டும். அந்நேரம் வந்து பார்க்கும் எந்த அதிகாரியும் குளம் நன்றாக இருக்கிறது என்றே எழுதிவிட்டுப் போவார். பொழுது பட்டதும் கணக்கு தலைகீழாகிறது. வெளிச்சம் இல்லாதபோது பாசியும் சுவாசிக்கிறது, அடியிலுள்ள சேறும் அழுகும் பாசியும் சுவாசிக்கின்றன, மீனும் சுவாசிக்கிறது. ஒட்சிசனைத் திரும்ப வைப்பவர் எவருமில்லை. விடிவதற்குச் சற்று முன்னான நேரத்தில் ஒரு லீற்றருக்கு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் திலாப்பியாகூட மேலே வந்து வாயைத் திறந்து நீர்ப்பரப்பை உறிஞ்சத் தொடங்கும். பெரிய உடலுக்கு அதிக ஒட்சிசன் தேவைப்படுவதால் பெரியவை முந்திச் சாகின்றன. விராலுக்கோ வெளிக்காற்றையே நேரே விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது. அது மேலே வந்து ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போய்விடும். உங்கள் குளத்தில் விரால் ஏன் தப்பியது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

யாரோ ஊற்றிய பூச்சிநாசினியாக இருந்தால் காட்சி வேறாக இருந்திருக்கும். அது இரவு பகல் பார்ப்பதில்லை. முதலில் இறால் குஞ்சுகளும் நீர்ப்பூச்சிகளும் சாகும், குஞ்சு மீனும் பெரிய மீனும் ஒன்றாகத் துடிக்கும், விராலும் தப்புவது அரிது. இந்த வேறுபாட்டை இரு தரப்பாருக்கும் ஒரே இடத்தில் வைத்து எடுத்துச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள்: கட்டுக்குக் கீழே உள்ள வட்டையில் (வயல்வெளியில்) வீசிய யூரியாவோ ரி.எஸ்.பி. பசளையோ கட்டைத் தாண்டி மேலே ஏறி உங்கள் குளத்துக்குள் வருவதில்லை. பாசிக்குத் தீனியான பொசுபரசு மேற்பக்கத்துச் சேனைகளிலிருந்தும், மேலேயுள்ள குளங்களின் கழிவு நீரிலிருந்தும், கோடையில் வெளித்த குளத்துப் படுக்கையில் மேயும் மாடுகளின் சாணத்திலிருந்தும், பல வருடங்களாகச் சேர்ந்த சேற்றிலிருந்தும் வருகிறது. அடியில் ஒட்சிசன் அற்றுப்போனால் சேறே தன்னிடமுள்ள பொசுபரசை மேலே விடத் தொடங்கும். வெப்பம், அசையாத நீர், குறைந்த ஆழம் ஆகிய மூன்றும் அதோடு சேர்ந்துவிட்டால் பாசி பெருக வேறொன்றும் வேண்டியதில்லை. உங்கள் அயலவர் எவரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை என்று என்னால் இயன்றவரை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே குளத்து நீரை உண்ணும் இரண்டு கூட்டத்தார் இதற்காகப் பொலிஸ் வாசலில் நிற்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

மூச்சுமுட்டலோடு அமோனியாவும் சேர்ந்துகொள்வதுண்டு. பகல் முழுவதும் பாசி நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது, பீ.எச். பெறுமானம் 9ஐத் தாண்டுவதும் உண்டு. மீனின் கழிவிலும் அழுகும் பொருளிலும் இருந்து வரும் அமோனியா, பீ.எச். 7இல் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவத்தில் இருக்கும். 30 பாகை வெப்பத்தில் பீ.எச். 9 ஆகும்போது அது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விடுகிறது. அமோனியாவின் மொத்த அளவு மாறாமலே அதன் கொடுமை பல மடங்கு ஏறிவிடுகிறது என்பதே இதன் பொருள். இத்தகைய மீனின் பூவை (செவுளை) விரித்துப் பார்த்தால் இதழ்கள் வீங்கி, சளி மூடியிருக்கும்.

இப்போது பாசியின் சொந்த நஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்; உங்கள் மற்றக் கேள்விகளுக்கான விடைகள் எல்லாம் இதில்தான் தங்கியிருக்கின்றன. எல்லா நீலப்பச்சை அல்காவும் நஞ்சு சுரப்பதில்லை. ஒரே இனத்திலேயே சுரப்பதும் உண்டு, சுரக்காததும் உண்டு, இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். நம் நாட்டு நீர்நிலைகளுக்கு இது புதிதுமல்ல. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் 1999இல் கண்டி வாவியிலும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம் பெருகி நீரை மூடியது. அந்த இனம் சுரக்கும் முக்கிய நஞ்சின் பெயர் மைக்ரோசிஸ்டின். அது ஈரலைத் தேடிப் போகும் நஞ்சு. பித்த உப்புகளை ஈரல் கலங்களுக்குள் எடுத்துச் செல்லும் அதே வாயில் வழியாக உள்ளே நுழைந்து, கலத்தின் உள்வேலைகளைச் சீராக வைத்திருக்கும் இரண்டு நொதியங்களை முடக்கிவிடுகிறது. கலத்தைத் தாங்கி நிற்கும் சட்டகம் குலைந்து, கலங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிய, ஈரலுக்குள் இரத்தம் கசிகிறது. இப்படிப் பாதிக்கப்பட்ட மீனின் வயிற்றைத் திறந்து பார்த்தால், வழவழப்பாகவும் ஒரே நிறமாகவும் இருக்க வேண்டிய ஈரல் வீங்கி, தொட்டால் சிதைவதாக, இடையிடையே கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். இது ஓர் இரவில் நடக்கும் காரியமன்று. மீன் பல நாட்கள் உண்ணாமல், மெலிந்து, ஓரத்தில் தயங்கித் தயங்கி நீந்தி, பிறகே சாகும். சாகாமல் தப்பும் மீனின் வளர்ச்சி குன்றும், நோய் எளிதில் தொற்றும். முட்டையும் குஞ்சும் இதற்கு இன்னும் இளகியவை. குஞ்சுகள் காலத்துக்கு முன்னரே பொரிப்பதும், இதயம் கோணலாக அமைவதும் ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை.

இங்கே திலாப்பியாவின் இயல்பைக் கவனிக்க வேண்டும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் நம் குளங்களில் இவ்வளவு செழித்ததற்கு, பிற மீன்கள் தொடாத நீலப்பச்சை அல்காவையும் உண்டு செரிக்கக்கூடிய அதன் வயிறும் ஒரு காரணம். அந்த வயிற்று அமிலம் மிகக் கடுமையானது, பாசியின் கலச்சுவரையே உடைத்துவிடும். பாசி மண்டிய காலத்தில் அந்த வரமே அதற்கு வினையாகிறது. நஞ்சு பெரும்பாலும் உயிருள்ள கலத்துக்குள்ளேயே அடைபட்டிருப்பதால், கலத்தை உடைத்துச் செரிக்கும் மீன் நஞ்சையும் சேர்த்தே விழுங்குகிறது. அது குடலிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் அதிகமாகவும், தசையில் மிகக் குறைவாகவும் தங்கும். சுத்தமான நீர் வந்த பின் சில வாரங்களில் உடலிலிருந்து படிப்படியாகக் குறைந்துபோகும்.

இதை வைத்து உங்கள் விற்பனைக் கேள்விக்கு வருகிறேன். செத்து மிதந்த மீனை எக்காரணம் கொண்டும் விற்கவோ உண்ணவோ எடுக்க வேண்டாம். கருவாடு போடவும் வேண்டாம், கோழிக்கோ நாய்க்கோ போடவும் வேண்டாம். மைக்ரோசிஸ்டின் வெயிலில் காய்ந்தாலும் அழியாது, உப்பில் கிடந்தாலும் அழியாது, சட்டியில் கொதித்தாலும் அழியாது. உயிருள்ள மீனைப் பொறுத்தவரை, ஆடை படிந்திருக்கும் நாட்களிலும் அது மறைந்த பின் இரண்டு மூன்று கிழமைகளுக்கும் பிடிப்பதை நிறுத்திவைப்பதே என் ஆலோசனை. உலையில் அரிசி போடவேண்டிய வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்குப்படி ஒருவர் நாள்தோறும் உட்கொள்ளக்கூடிய மைக்ரோசிஸ்டின், உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.04 மைக்ரோகிராம் மட்டுமே. அறுபது கிலோ நிறையுள்ள ஒருவருக்கு அது 2.4 மைக்ரோகிராம், இருபது கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 0.8. அவ்வளவு சிறிய அளவைக் கண்ணோ நாக்கோ கண்டுபிடிக்காது. இதற்கு முன்னரே யாரேனும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால், குடலையும் ஈரலையும் கிழியாமல் முழுதாக எடுத்தெறிந்து, தசையை நன்றாகக் கழுவி, அதை மட்டும் பெரியவர்கள் உண்ணலாம். குடலோடு முழுதாகச் சமைக்கும் சிறு மீன்களைத் தவிர்த்துவிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஈரல் நோயாளருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம்.

சந்தையில் "மண் வாடை அடிக்கிறது, நஞ்சு மீன்" என்று சொல்வார்கள். அந்த மண் வாடை ஜியோஸ்மின் என்ற வேறொரு பொருளால் வருவது. அதுவும் இந்தப் பாசிகளில் சிலவற்றிலிருந்து வருவதுதான் என்றாலும் அது நஞ்சல்ல. நம் வீடுகளில் புளியோ தேசிக்காயோ விட்டு ஊறவைத்தால் வாடை குறைவதற்குக் காரணம், அமிலம் அந்தப் பொருளைச் சிதைப்பதே. நஞ்சு அப்படிச் சிதையாது. வாடை இல்லாத மீன் பாதுகாப்பானது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாடுகளைக் கட்டோரத்தில் நீருக்கு விட வேண்டாம். 1878இல் தென் அவுஸ்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியில் இத்தகைய பாசி படிந்த நீரைக் குடித்து ஆடுமாடுகள் இறந்ததை ஜோர்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதியதே நீலப்பச்சை அல்காவின் நஞ்சைப் பற்றிய முதல் அறிவியற் குறிப்பு. அங்கும் காற்று ஒதுக்கிய ஓரத்து ஆடையே காரணம். எருமைகளுக்கு மேற்குப் பக்கத்தில், காற்று வருகிற கரையில், தெளிந்த நீர் உள்ள ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்துக் கட்டுப் பக்கத்தை முள்ளடைத்து வையுங்கள். மாடு தள்ளாடினால், நடுங்கினால், எழ மறுத்தால் உடனே கால்நடை வைத்திய அதிகாரிக்குச் சொல்லி, பாசியைப் பற்றியும் கட்டாயம் கூறுங்கள். குளத்து நீரைக் குடிக்கும் வீடுகளும் இப்போது அதை நிறுத்த வேண்டும். கொதிக்க வைத்தால் கலங்கள் உடைந்து நஞ்சு வெளியே வருமே தவிர அழியாது.

மயில்துத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஊரில் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் யோசனைகளில் என்னை அதிகம் அச்சுறுத்துவது இதுதான். மயில்துத்தம் பாசியைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் கொல்லும்போது எல்லாக் கலங்களும் ஒரே நேரத்தில் உடைந்து, உள்ளே அடைபட்டிருந்த நஞ்சு முழுவதும் ஒரேயடியாக நீரில் கலந்துவிடும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலுள்ள பாம் தீவில் 1979இல் இதுவே நடந்தது. குடிநீர் வழங்கும் அணையில் பாசி மண்டியதென்று செப்பு சல்பேற்று, அதாவது இதே மயில்துத்தம், போட்டார்கள். சில நாட்களில் ஈரல் வீங்கி, வாந்தியும் வயிற்றோட்டமுமாக 138 பிள்ளைகளும் 10 பெரியவர்களும் நோய்ப்பட்டார்கள். அங்கே பாசி உயிரோடு நின்றபோது வராத கேடு, அது செத்தபோது வந்தது. உங்கள் குளத்தில் இன்னொன்றும் சேரும்: ஒரேயடியாகச் செத்த பாசி அழுகும்போது எஞ்சியிருக்கும் ஒட்சிசனையும் தின்றுவிடும், அன்றிரவு மிஞ்சிய மீனும் மிதக்கும். செப்பு மீனின் பூவுக்கு நேரடி நஞ்சு. சேற்றில் தங்கிப் பல வருடங்கள் கிடக்கும். தயவுசெய்து எவரையும் போட விடாதீர்கள்.

அதே காரணத்தால், தானாகப் பாசி மடிந்து நீர் தெளியும் நாட்களிலும் கவனம் தளரக் கூடாது. கண்ணுக்குத் தெளிந்த நீரில் கரைந்த நஞ்சு சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை இருக்கும். அதைத் தின்று அழிக்கும் வேறு பற்றீரியாக்கள் பெருகிய பிறகே குறையும்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். மிதக்கும் மீனை அன்றன்றே அள்ளி, குளத்து நீர் ஏறாத மேட்டில் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அழுக விட்டால் அது மறுபடியும் பாசிக்கே பசளை. மீன் குஞ்சு விடுவதற்கு இது காலமல்ல. நெக்டா நிறுவனத்திடம் (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம்) குஞ்சு கேட்டிருந்தால், மாரி மழை விழுந்து குளம் நிரம்பும்வரை தள்ளிவைக்கச் சொல்லுங்கள். துரிசைத் திறப்பதைப் பற்றி வயல்காரரோடு பேச வேண்டியது அவசியம். குளத்தில் எவ்வளவு ஆழம் நீரை மீனுக்காக நிறுத்திவைப்பது என்பதைச் சிறுபோகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் உங்கள் சங்கமும் அமர்ந்து பேசி எழுத்தில் வாங்க வேண்டும். ஆழம் குறையக் குறையவே நீர் சூடேறுகிறது. வெளித்த குளப் படுக்கையில் மாட்டுப் பட்டி அடைப்பதை நிறுத்தினால் அதன் பலனும் அடுத்த வருடத்திலேயே தெரியத் தொடங்கும் என்று நம்புகிறேன்.

பரிசோதனைக்கு நீர் எடுப்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விடிவதற்கு முன், சுத்தமான இரண்டு கண்ணாடிப் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் கட்டோரத்து ஆடையோடு கூடிய நீர், மற்றதில் தோணியில் போய் நடுக்குளத்தில் முழங்கை ஆழத்தில் எடுத்த நீர். போத்தலை நிரப்பி அடைக்காமல் சிறிது இடம் விடுங்கள். கறுப்புப் பையில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்று மத்தியானத்துக்குள் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் ஒப்படைத்தால், நுண்காட்டியில் எந்த இனம் என்று பார்க்கலாம். நஞ்சின் அளவுக்கு வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். சாகும் தறுவாயிலுள்ள மீன் ஒன்றிரண்டு கிடைத்தால் அவற்றையும் ஐஸில் வைத்துக் கொண்டுபோங்கள். செத்து வீங்கியது பயன்படாது. எடுத்த நாள், நேரம், இடம், காற்றின் திசை ஆகியவற்றை ஒவ்வொரு போத்தலிலும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். மை நனைந்தால் கரைந்துவிடும். நீர் எடுக்கப் போகும்போது வயல்காரர் தரப்பிலிருந்தும் ஒருவரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போங்கள். முடிவு வரும்போது இரு தரப்பாரும் நம்புவதற்கு அது வழியாகும்.